விபத்துக்குப் பிறகு அணையாத எயார்பாக் விளக்கு: எந்த வழியைத் தெரிவு செய்வது?

ஏ9 வீதியில் இரவில் மாட்டோடு மோதிய கார், பம்பர், ரேடியேட்டர், பொனட் எல்லாம் மாற்றி, பெயின்ற்றும் அடித்துக் கராச்சை விட்டு வெளியே வந்த பிறகும் ஒரு பிரச்சினை மிஞ்சி நிற்கும். டாஷ்போர்ட்டில் எயார்பாக் விளக்கு அணையாமல் எரியும். கிளிநொச்சியில் விசாரித்தால் ஒருவர் ஸ்கான் பண்ணி அழித்தால் சரி என்பார். வவுனியாவில் இன்னொருவர் மொடியூலை மாற்றச் சொல்வார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய வாகன) சாமான் எடுத்துத் தரலாம் என்பார் மூன்றாமவர். "அதை விடுங்கோ அண்ணை, லைற்றை நிப்பாட்டித் தாறன்" என்று சொல்பவரும் இருப்பார். நான்கு வழியிலும் விளக்கு அணையலாம். ஆனால் அடுத்த மோதலில் எயார்பாக் விரியுமா என்று கேட்டால், நான்குக்கும் பதில் ஒன்றல்ல. முதலில் ஒப்பிட வேண்டியது அதைத்தான். செலவும் அலைச்சலும் அதற்குப் பிறகு.

சாவியை ஓன் நிலைக்குத் திருப்பியதும் இந்த விளக்கு ஏறத்தாழ 6 செக்கன் எரிந்து தானாக அணைய வேண்டும். அந்த நேரத்தில் கியர் லீவருக்குக் கீழே, சசித் தளத்தோடு இறுக்கப்பட்டிருக்கும் எயார்பாக் மொடியூல், தன்னையும் தன்னோடு இணைந்த எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சோதிக்கிறது: எயார்பாக்குகள், முன்பக்க மோதல் சென்சர்கள், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிள், மோதும் கணத்தில் பெல்ட்டை இறுக்கி இழுக்கும் பிரிடென்ஷனர்கள். ஏதோ ஒன்றில் பிழை கண்டால் விளக்கு எரிந்தபடியே நிற்கும். சில மாதிரிகளில் பிழையுள்ள சுற்று மட்டும் செயலிழக்கும், சிலவற்றில் முழுத் தொகுதியும் நின்றுவிடும். ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே விளக்கு எரியும் காரில் எயார்பாக் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாவி திருப்பும்போது விளக்கு எரியவே இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ கைவைத்திருக்கலாம்.

முடிவுக்கு முன் ஸ்கான்

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன், மொடியூல் பதிந்து வைத்திருக்கும் பிழை எண், அதாவது கோட், தெரிய வேண்டும். கோட் பார்க்காமல் மொடியூலுக்கு விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கைப்பேசியோடு இணைக்கும் மலிவான ப்ளூடூத் கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோட்டை மட்டுமே வாசிக்கும். அதில் "பிழை இல்லை" என்று வந்தால் எயார்பாக்குக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. எஸ்ஆர்எஸ் எனப்படும் எயார்பாக் பகுதிக்குள் போகக்கூடிய ஸ்கானர் வேண்டும். ஜப்பானிய உள்ளூர்ச் சந்தைக்குச் செய்யப்பட்ட வேகன் ஆர் போன்ற வாகனங்களில் எல்லா ஸ்கானரும் இணையாது. பரந்தனிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ புறப்படுவதற்கு முன் மாதிரியையும் ஆண்டையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய டொயோட்டாக்களில் ஸ்கானர் இல்லாமலும் வாசிக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முள் சொக்கெற்றில் 4ஆம், 13ஆம் முள்களைத் துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கே கோட்டைச் சிமிட்டிக் காட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, நான்கு சிமிட்டல் என்றால் 14. இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோட் இல்லை. 16ஆம் முள்ளில் பற்றரியின் நேர் மின் நேரடியாக வருகிறது. அதில் வயர் பட்டால் சேதம், எனவே முள் எண்ணத் தெரியாதவர் இதைச் செய்ய வேண்டாம்.

ஸ்கானரில் வரும் டொயோட்டா கோட்களில் (இங்கே பி என்பது ஆங்கில B) பி0100 முதல் பி0103 வரை ஓட்டுநர் எயார்பாக் சுற்று: முறையே ஷோர்ட், வயர் அறுந்த நிலை, காரின் உடலோடு (பொடி) ஷோர்ட், பற்றரி நேர் பக்கத்தோடு ஷோர்ட். பி0105 முதல் பி0108 வரை அதே ஒழுங்கில் பயணியின் எயார்பாக். பி0130இலிருந்து வலது பிரிடென்ஷனர், பி0135இலிருந்து இடது. பி1610, பி1615 முன்பக்கச் சென்சர்கள். பி1000 மொடியூலின் உள்பிழை. கோட்டோடு அது இப்போதைய பிழையா, பழைய பதிவா என்பதையும் கேளுங்கள். பழைய பதிவு அழித்தால் போகும், திரும்பி வராது. இப்போதைய பிழையை எத்தனை முறை அழித்தாலும் அடுத்த 6 செக்கனில் திரும்ப வந்து நிற்கும். ஸ்கான் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காப்புறுதிக்காரரோடும் கராச்சோடும் பேச அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

ஸ்கானோடு பற்றரியையும் அளக்க வேண்டும். வாரக்கணக்காகக் கராச்சில் நின்ற காரின் பற்றரி இறங்கியிருக்கும், மின்னழுத்தம் போதாவிட்டாலும் இந்த விளக்கு எரியும். எஞ்சின் நிற்கும்போது 12.4 வோல்ற்றுக்கு மேல், ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் பற்றரி மேல் பழி போட முடியாது.

எயார்பாக் விரியவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது

மாட்டில் மோதும்போது இது அடிக்கடி நடக்கும். உயரமான மிருகம் பொனட் மேல் ஏறிச் சரிவதால் காரின் வேகம் ஒரே கணத்தில் விழுவதில்லை. பொனட்டும் கண்ணாடியும் நொறுங்கியிருக்கும், எயார்பாக் விரியாமல் இருக்கும். அது பழுது அல்ல. வேகம் எவ்வளவு சடுதியாகக் குறைகிறது என்பதை வைத்துத்தான் மொடியூல் முடிவெடுக்கிறது. ஆனால் ரேடியேட்டர் சட்டத்தில் இருக்கும் முன் சென்சரோ அதன் கொனெக்டரோ உடைந்திருக்கலாம். அப்படியென்றால் மொடியூலைத் தொட வேண்டிய தேவையே இல்லை. சென்சரை மாற்றி, கொனெக்டரைச் சரிசெய்து, கோட்டை அழித்தால் முடிந்தது. டொயோட்டா சென்சர்களின் பாக இலக்கம் 89173 என்று தொடங்கும். பழைய சென்சர் எடுப்பதென்றால் முழு இலக்கமும் பொருந்த வேண்டும். அது பூட்டப்படும் சட்டத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திச் சரிந்தபடி விட்டால் புதுச் சென்சரும் மோதலைச் சரியாக அளக்காது. காரின் உடல் வேலை செய்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

விபத்தில் வராமல் கராச்சிலேயே வந்த பிழையும் உண்டு. உள்ளே காய வைப்பதற்கு சீற்றைக் கழற்றும்போது சீற்றுக்கு அடியிலுள்ள மஞ்சள் கொனெக்டரை இழுத்திருப்பார்கள், அல்லது கழற்றி வைத்தபடி சாவியைத் திருப்பியிருப்பார்கள். எயார்பாக்குக்குள் இருக்கும் தீமூட்டியின் மின்தடை ஏறத்தாழ 2 முதல் 3 ஓம் மட்டுமே. துரு பிடித்த ஒரு முள், கிரவல் வீதிப் புழுதி இறங்கிய ஒரு இணைப்பு, ஓர் ஓம் கூட்டினாலே மொடியூல் அதைப் பிழையென்று பதியும். மார்கழி மழையில் காருக்குள் தண்ணீர் வந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். இந்தக் காரணத்தால்தான் மஞ்சள் வயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றும் வேலை நிலைக்காது. இன்று அணையும் விளக்கு அடுத்த மழைக்கு மீண்டும் எரியும். முள்களை மணல்தாளால் தேய்க்கவும் கூடாது, பூச்சு போய்விடும். கொன்ராக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி, பூட்டுக் கேட்கும் வரை அழுத்தி, சீற்றை முன்பின் தள்ளும்போது இழுபடாதபடி வயரைக் கட்டிவிட வேண்டும்.

விளக்கோடு ஹோர்னும், ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களும் வேலை செய்யவில்லையென்றால் ஸ்பைரல் கேபிள் அறுந்திருக்கிறது. ஸ்டியரிங் ரக் கழற்றிய வேலையில், சில்லுகளை நேரே வைக்காமல் ஸ்டியரிங்கைச் சுழல விட்டால் உள்ளே இருக்கும் நாடா அறுந்துபோகும். புதியதைப் பூட்டும்போது ஒரு பக்கம் முட்டும் வரை மெதுவாகச் சுற்றி, பின் எதிர்ப்பக்கம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுத் திருப்பிக் குறிகளை நேராக்க வேண்டும். நடுவில் வைக்காமல் பூட்டினால் முதல் யு வளைவிலேயே போய்விடும்.

பெல்ட் மட்டும் இழுத்த வாகனம்

இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். எயார்பாக் விரியாமலே பிரிடென்ஷனர் வெடித்திருக்கலாம். பெல்ட் இறுகி வெளியே வராமல் நிற்கும், அல்லது விட்டால் உள்ளே போகாமல் தொங்கும். பக்கிளில் இழுக்கும் வகையென்றால் பக்கிள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். மோதலைப் பதிந்துகொண்ட மொடியூலில் சாதாரண ஸ்கானரால் அந்தப் பதிவை அழிக்க முடியாது, பூட்டிவிடும்.

பெல்ட்டைப் பொறுத்தவரை எங்கள் முடிவு தெளிவு: வெடித்த பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். பிரித்து வெடிமருந்து நிரப்பித் தருவோம் என்பவர்களிடம் போகாதீர்கள். எயார்பாக் இல்லாமலும் உயிர் தப்பலாம், பெல்ட் இல்லாமல் எயார்பாக் மட்டும் இருந்தால் அதுவே முகத்தில் அறையும். பழைய பெல்ட் வாங்குவதென்றால் நாடாவின் அடியில் தைத்திருக்கும் உற்பத்தித் திகதியைப் பாருங்கள். நாடாவில் உரசல் மினுக்கமோ நூல் இழுபட்ட தழும்போ இருந்தால் அதுவும் விபத்தைச் சுமந்த பெல்ட்தான்.

மொடியூல்: அழிப்பதா, பழையதா, புதியதா

மூன்றில் மலிவானது உங்கள் மொடியூலில் உள்ள மோதல் பதிவை அழிப்பது. மொடியூலுக்குள் ஒரு சிறு நினைவகச் சிப் இருக்கிறது. சில மாதிரிகளில் வாகனத்தின் சொக்கெற் வழியாக, சிலவற்றில் மொடியூலின் சொந்தக் கொனெக்டர் வழியாக, இன்னும் சிலவற்றில் மூடியைத் திறந்து சிப்பில் நேரடியாகப் பிடித்து அதை வாசித்து, மோதலைப் பதிந்த பகுதியை மட்டும் மாற்றி எழுதுவார்கள். நல்ல கடைக்காரர் தொடுவதற்கு முன் மூலக் கோப்பைச் சேமித்து வைப்பார். அதைக் கேளுங்கள். இல்லையென்றால் எழுதும்போது ஏதாவது பிழைத்தால் திரும்ப வழியில்லை, மொடியூல் பி1000இலேயே நின்றுவிடும்.

இந்த வழியின் பெரிய நன்மை, அது உங்கள் காரின் சொந்த மொடியூல் என்பது. இலக்கமும் அமைப்பும் ஏற்கெனவே பொருந்தியவை. பெல்ட் மட்டும் வெடித்த வாகனத்துக்கு, புதிய பெல்ட்டோடு சேர்த்து, வன்னியில் பெரும்பாலானோருக்கு இதுவே பொருத்தமான வழி என்பது எங்கள் கருத்து. பெல்ட் மட்டும் இழுத்த நிலையில் மொடியூலைத் திரும்பப் பயன்படுத்த அனுமதிக்கும் தயாரிப்பாளர்களும் சிலர் இருக்கிறார்கள். எயார்பாக் விரிந்த பிறகு என்றால் நிலைமை வேறு. டொயோட்டா, ஹொண்டா கையேடுகள் விரிந்த பின் மொடியூலை மாற்றச் சொல்கின்றன. அழித்த மொடியூல் தன் சோதனையில் சித்தியடைந்து விளக்கை அணைக்கலாம், ஆனால் தீமூட்டும் பகுதி இன்னொரு முறை அதே கணத்தில் சுடுமா என்பதை மேசையில் வைத்து யாரும் உறுதிப்படுத்தித் தர மாட்டார்கள். தண்ணீர் புகுந்த மொடியூலை எந்த நிலையிலும் அழித்துப் பூட்டக் கூடாது.

அழிக்கும் வேலை நேர்மையாக நடந்ததா என்பதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். வெடித்த பெல்ட்டை இன்னும் மாற்றாமல், அழித்த மொடியூலைப் பூட்டிச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு எரிய வேண்டும், ஸ்கானில் அந்தப் பெல்ட்டின் கோட் வர வேண்டும். பழுதான பாகம் இருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டால் பாகம் நல்லதாக இருப்பதுபோல மொடியூலை ஏமாற்றும் ஒரு ரெசிஸ்டர் எங்கோ ஒளிந்திருக்கிறது.

பழைய மொடியூல் வாங்குவது இரண்டாவது வழி. டொயோட்டாவில் 89170, ஹொண்டாவில் 77960, சுசுகியில் 38910 என்று தொடங்கும் இலக்கம் மூடியின் லேபலில் இருக்கும். தொடக்கம் மட்டும் பொருந்தினால் போதாது, கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். பக்க எயார்பாக் உள்ள அக்குவாவின் மொடியூலை அது இல்லாத அக்குவாவில் பூட்டினால், இல்லாத பாக்கைத் தேடி விளக்கை எரியவிடும். சில மாதிரிகளில் வாகன இலக்கத்தை மொடியூலில் எழுதினால்தான் ஏற்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஹாஃப் கட் வாகனங்களில் பல விபத்துப்பட்டவையே. முன்பக்கம் அடிபட்ட வாகனத்தின் மொடியூலில் உங்களுடையதில் உள்ள அதே பதிவு இருக்கும். அதையும் அழித்துத்தான் பூட்டுவார்கள் என்றால் உங்கள் சொந்த மொடியூலையே அழித்திருக்கலாம். எனவே பழைய மொடியூலுக்குப் பணம் கொடுக்கும்போது, பூட்டி ஸ்கான் பார்த்துப் பிழையென்றால் திரும்ப எடுக்க வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வரும் மொடியூலைத் தூக்கிப் போடாதபடி பொதி செய்யச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது வேகமாற்றத்தை அளக்கும் சென்சர். கீழே விழுந்ததைப் பூட்டக் கூடாது.

புதிய மொடியூல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏஜென்ற் ஊடாக சசி இலக்கம் கொடுத்து எடுப்பதே சரி. விலையும் காத்திருப்பும் அதிகம், சந்தேகம் குறைவு. முழுக் காப்புறுதி இருந்தால் இதையே கேளுங்கள்.

எயார்பாக் விரிந்துவிட்டால்

பட்டியல் நீளும். ஓட்டுநர் எயார்பாக், பயணி எயார்பாக், கிழிந்த டாஷ்போர்ட், இரண்டு முன் பெல்ட்கள், மொடியூல், ஸ்பைரல் கேபிள், முன் சென்சர்கள். டொயோட்டாவில் ஓட்டுநர் பாக் 45130, பயணி பாக் 73960, பெல்ட்கள் 73210, 73220, ஸ்பைரல் கேபிள் 84306 என்று தொடங்கும். எஸ்ரிமேற்றை இந்த இலக்கங்களோடு வாங்கினால் எது விடுபட்டது என்று உடனே தெரியும். பெரும்பாலும் விடுபடுவது ஸ்பைரல் கேபிளும் பெல்ட்டும்தான். பாக் விரியும்போது ஸ்பைரல் கேபிள் சூட்டுக்கு உட்படுகிறது, வெளியில் பார்த்து நல்லது என்று விட முடியாது.

எல்லாவற்றையும் புதிதாக எடுத்தால் பழைய விட்ஸ் ஒன்றின் பெறுமதியில் பெரும் பகுதி போய்விடும். அதனால்தான் பழைய எயார்பாக்கைத் தேடுகிறார்கள். இங்கே ஒரு விடயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். டகாட்டா நிறுவனம் செய்த இன்ஃபிளேற்றர்களில் (எயார்பாக்கை ஊதி விரிக்கும் உலோகக் கூடுகளில்) அமோனியம் நைத்திரேற்று இருந்தது. வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் அந்த மருந்து சிதைந்து, எயார்பாக் விரியும்போது உலோகக் கூடே வெடித்துத் துண்டுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி இன்ஃபிளேற்றர்கள் திரும்பப் பெறப்பட்டன, நிறுவனம் 2017 ஜூனில் வங்குரோத்தானது. 2000களில் வந்த கொரோலா, விட்ஸ், ஹொண்டா ஃபிற் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தின் பாகத்தை அதைவிடப் பழைய வாகனத்துக்குப் பூட்டுவது வழக்கமாகிவிட்டது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் எப்படிக் கொதிக்கும் என்பது கிளிநொச்சியில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சித்திரை வெயிலும் மாரி ஈரமும் சேர்ந்த எங்கள் காலநிலை, அந்த மருந்துக்கு மிகக் கெட்ட காலநிலைகளில் ஒன்று.

ஆகவே பழைய எயார்பாக் வாங்கத்தான் வேண்டும் என்றால், அது கழன்ற வாகனத்தின் சசி இலக்கத்தைக் கேளுங்கள். தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையத்தளத்திலோ இலங்கை ஏஜென்ற்றிடமோ அந்த இலக்கம் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். சசி இலக்கம் தர முடியாத கடையில் எயார்பாக் வாங்க வேண்டாம். மூடியை மட்டும் புதிதாக ஒட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல் விற்பதும் நடக்கிறது.

விளக்கை எரியவிட்டே ஓட்டுவது

கையில் காசில்லாதபோது இது ஒரு வழிதான். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் இந்த விளக்கை யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடும் வாகனங்கள் உண்டு. சொந்தக் காரில், இன்னும் சில மாதத்தில் சரிசெய்யலாம் என்ற நிலையில், பெல்ட்கள் நல்லவையாக இருந்தால் மட்டும் இதை ஏற்கலாம். வெடித்த பெல்ட்டோடு ஓட்டுவது இதற்குள் அடங்காது. சிறுபிள்ளைகள் பின்சீற்றில், நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர், இரவில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் மாடு படுத்திருக்கும் வீதியில் வேகக் குறைப்பு.

கட்டுநாயக்காவுக்கு இரவிரவாக ஆட்களை ஏற்றிச் செல்லும் கேடிஎச் வானுக்கு இது பொருந்தாது. பணம் கொடுத்து ஏறியவருக்கு அந்த விளக்கு தெரியாது. தலையில் கடுமையாக அடிபட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரை கொண்டு போக வேண்டிய தூரத்தில்தான் முல்லைத்தீவும் மல்லாவியும் இருக்கின்றன.

விளக்கை மட்டும் அணைப்பது

பல்ப்பைக் கழற்றுவது, ஒயில் விளக்கோடு சேர்த்து வயர் கொடுப்பது, எயார்பாக் இருக்க வேண்டிய இடத்தில் ரெசிஸ்டர் வைப்பது. மூன்றும் ஒன்றுதான். விளக்கை எரியவிடுவதோடு இதை ஒப்பிட்டால், இது அதைவிடக் கெட்டது. எரியும் விளக்கு அடுத்த ஓட்டுநருக்கும், காரை வாங்கப்போகிறவருக்கும் உண்மையைச் சொல்கிறது. ரெசிஸ்டர் வைத்த கார் எல்லோரிடமும் பொய் சொல்கிறது, ஸ்கானர் உட்பட. மலிவு என்பதற்காக இதை ஒரு தெரிவாக எண்ண வேண்டாம்.

கார் வாங்குபவர்கள் கவனிக்க: எயார்பாக் விளக்கு மற்ற விளக்குகளைப் பாராமல் தானே 6 செக்கனில் அணைய வேண்டும். எஞ்சின் பிடித்த அதே கணத்தில் ஒயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால் இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். பயணி பக்க டாஷ்போர்ட்டின் மேற்பரப்பு மற்றப் பக்கத்தைவிட மினுங்கினால், விளிம்பில் பசை தெரிந்தால், பெல்ட் திகதிகள் வாகனத்தின் ஆண்டோடு பொருந்தாவிட்டால், மேலும் தோண்டிப் பார்க்க வேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் தண்ணீரில் நின்ற வாகனங்களும் சந்தையில் கைமாறியிருக்கலாம். கார்ப்பெற்றைத் தூக்கி மொடியூலின் கொனெக்டரில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காப்புறுதி

முழுக் காப்புறுதி உள்ளவர்கள் ஒரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மதிப்பீட்டாளரைப் பார்க்க விட வேண்டும். எரியும் விளக்கு, இறுகிய பெல்ட், ஸ்கான் திரை மூன்றையும் படம் எடுங்கள். முதல் எஸ்ரிமேற்றில் பம்பரும் லைற்றும் மட்டும் எழுதி, பிறகு விளக்கு எரிகிறது என்று போனால் அது இந்த விபத்தில் வந்ததா என்ற வாக்குவாதம் தொடங்கும். கழற்றிய பின் தெரிந்த சேதத்துக்கு மேலதிக எஸ்ரிமேற் கொடுக்கலாம், ஆனால் வேலை செய்வதற்கு முன், அவர்கள் வந்து பார்த்த பின். புதிய பாகத்துக்கு ஒப்புதல் கிடைத்திருந்தால் கராச்சில் இலக்கம் அச்சிட்ட பெட்டியையும் பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் கராச்சில் இவை நடக்கின்றனவா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். சாவியை எடுத்து, பற்றரியின் எதிர் முனையைக் கழற்றி, அது திரும்பத் தொடாதபடி ரேப் சுற்ற வேண்டும். பற்றரி கழன்ற பிறகும் மொடியூலில் சேமித்த மின் சிறிது நேரம் எயார்பாக்கை வெடிக்க வைக்கப் போதுமானது. டொயோட்டா 90 செக்கன், ஹொண்டா 3 நிமிடம் காத்திருக்கச் சொல்கின்றன, 10 நிமிடம் விட்டால் நட்டமில்லை. மஞ்சள் கொனெக்டரில் முதலில் பூட்டை இழுத்து, பிறகுதான் கழற்ற வேண்டும். எயார்பாக்கில் மல்ரிமீற்றர் வைத்து ஓம் பார்க்கவே கூடாது, மீற்றரின் சிறு மின்னோட்டமே அதைத் தூண்டக்கூடும். தூக்கும்போது மூடிப் பக்கம் உடம்புக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும், வைக்கும்போது மூடி மேலே. மொடியூலின் மேல் உள்ள அம்பு வாகனத்தின் முன்பக்கம் பார்க்க வேண்டும், போல்ற்கள் முழுதாக இறுகும் முன் சாவியைத் திருப்பக் கூடாது. சசியில் மின் வெல்டிங் இருந்தால் பற்றரியோடு மொடியூலின் கொனெக்டரையும் கழற்றி வைத்துத்தான் செய்ய வேண்டும். விரிந்த பாக்கிலிருந்து வரும் தூள் தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறை போட்டுக் கழற்றி, கையை நன்றாகக் கழுவ வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் உங்கள் கண் முன்னே ஸ்கான் பார்த்து, கோட் இல்லை என்ற திரையைப் படம் எடுத்துக்கொண்டு பணம் கொடுங்கள். ஒரு கிழமை ஓடிய பின், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக வெட்டிய பின், சீற்றை முன்பின் தள்ளிய பின் விளக்கு வருகிறதா என்று பாருங்கள்.

விரியாமல் கழற்றிய பழைய எயார்பாக்கும் வெடிக்காத பிரிடென்ஷனரும் உங்கள் கையில் வந்தால் அவற்றை வளவின் மூலையில் போடவோ, பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுக்கவோ, குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கூடாது. உள்ளே மருந்து அப்படியே இருக்கிறது, தீப்பட்டால் வெடிக்கும். ஏஜென்ற் சேர்விஸ் நிலையத்தில் பாதுகாப்பாக வெடிக்க வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். அதுவரை பிள்ளைகளின் கைக்கு எட்டாத நிழலான இடத்தில், மூடிப் பக்கம் மேலே இருக்க வையுங்கள்.